கோப்பு சின்னது, சேதி பெரிசு

(கீழக்குயில்குடியில் நடந்த கூட்டமைப்புப் பயிற்சி நாளில், குழு ஊக்குநர்கள், பிரதிநிதிகள், கணக்காளர்கள் முன்னிலையில் கூட்டமைப்பின் கணினிப் பயிற்றுநர் பேசியது. வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



இன்றைக்குப் பேசப்போகிற விஷயத்தைக் கேட்டதும், "இது கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைகளுக்குத்தானே, நமக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்க. கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

நம் குழுக்கள் இப்போது வங்கிக்கும், வட்டார அலுவலகத்துக்கும், மாவட்ட அலுவலகத்துக்கும் போய்ப் பேச வேண்டியிருக்கிறது. கடன் கேட்கிறோம், இயந்திரம் கேட்கிறோம், நம் பொருளுக்குக் கடையில் இடம் கேட்கிறோம். அங்கே நமக்குக் கிடைப்பது பத்து நிமிஷம். "பிபிடி கொண்டு வாங்கம்மா" என்கிறார்கள். பிபிடி என்றால் வேறு ஒன்றும் இல்லை. திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படத்தாள்கள். ஒவ்வொரு தாளும் ஒரு ஸ்லைடு. அதற்குள் நாம் வேலை செய்யும் வீடியோவும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று எல்லோருக்கும் ஆசை. ஆசை சரிதான். மாவு அரைக்கிற சத்தத்தையும், மூட்டை ஏற்றுகிற கையையும் எழுத்தில் காட்ட முடியாது.

ஆனால் பல இடத்தில் என்ன நடக்கிறது? நாலாவது ஸ்லைடு வந்ததும் வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம். இல்லையென்றால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் அதிலேயே போய்விடும். கடைசியில், "சரிம்மா, பேப்பரைக் கொடுத்துட்டுப் போங்க" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையோடு ஒரு வருஷ உழைப்பு பீரோவுக்குள் போய்விடுகிறது. அதனால்தான் இதை நாமே கற்றுக்கொள்ள வேணும் என்கிறேன்.

கோப்பு ஏன் கனக்கிறது?

செல்போனில் 1080 தரத்தில் ஒரு நிமிஷம் வீடியோ எடுத்தால் சுமார் 130 எம்.பி. வரை போகும். போனுக்குப் போன் கொஞ்சம் மாறும். 2000-ஆம் வருஷ வாக்கில் கணினி மையத்தில் ஃப்ளாப்பி என்று சதுரமாக ஒன்று இருக்கும், ஞாபகம் இருக்கா? அதில் 1.44 எம்.பி.தான் பிடிக்கும். இன்றைக்கு நாம் எடுக்கிற ஒரு நிமிஷ வீடியோவைக் கொண்டு போக அப்படி 90 ஃப்ளாப்பி வேணும்.

வீடியோ என்பது ஒரு விநாடிக்கு 30 போட்டோ. அத்தனையையும் முழுசாக எழுதி வைத்தால் எந்தப் போனும் தாங்காது. அதனால் முதல் போட்டோவை முழுசாக எழுதி, அடுத்ததில் என்ன மாறியதோ அதை மட்டும் எழுதி வைக்கிறது. நம்ம கூட்டத்தில் இருபது பேரில் இரண்டு பேர் வரவில்லை என்றால், அந்த இரண்டு பேரை மட்டும் குறித்தால் போதும் அல்லவா? அதே கணக்குத்தான்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. கை ஆடினால் ஒவ்வொரு போட்டோவிலும் எல்லாமே மாறும். எழுத வேண்டியது கூடும். பின்னால் காற்றில் ஆடும் வேப்பமரம் இருந்தாலும் அப்படித்தான், அத்தனை இலையையும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். போனை ஆடாமல் வைத்து, பின்னால் வெறும் சுவர் இருக்கும்படி எடுத்தால், அதே சின்னக் கோப்பில் படம் தெளிவாக இருக்கும். ஆகவே கோப்பு கனப்பதும் கனக்காததும் படம் எடுக்கிற இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

மேலூர்ப் பக்கம் நடந்தது

நம்ம மாவட்டத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2001-ல் மேலூர் வட்டாரக் கிராமங்களில் 'சாரி' என்ற திட்டத்தில் இணைய மையங்கள் திறந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொடர்பு. தொலைபேசியில் பேசிக்கொண்டே இணையமும் பார்த்தால் விநாடிக்கு 35 கிலோபிட், பேசாமல் இணையம் மட்டும் பார்த்தால் 70 கிலோபிட். 35 கிலோபிட் வேகத்தில் ஒரு எம்.பி. கோப்பு போய்ச் சேர கிட்டத்தட்ட நாலு நிமிஷம் ஆகும்.

அந்த வேகத்தை வைத்துக்கொண்டு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோடு சேர்ந்து கண் பரிசோதனையே நடத்தினார்கள். எப்படி? கண்ணில் கோளாறு இருக்கிறவர் மையத்துக்கு வருவார். வெப்கேமராவில் கண்ணை ஒரு போட்டோ எடுத்து, கேட்க வேண்டிய நாலு கேள்விக்குப் பதிலும் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்புவார்கள். மருத்துவமனையில் பார்த்துவிட்டு, "இதற்கு மருந்து போதும்" அல்லது "நேரில் வரச் சொல்லுங்க" என்று பதில் எழுதுவார்கள். வெயிலில் பஸ் ஏறி அலைவது பலருக்கு மிச்சம்.

கவனிங்க. நோயாளியின் வீட்டையும் தெருவையும் அவர்கள் படம் எடுத்து அனுப்பவில்லை. டாக்டர் முடிவு சொல்ல எது தேவையோ அது மட்டும் போனது. ஒரு கண், ஒரு போட்டோ. இன்றைக்கு நம்மிடம் வேகமான இணையம் இருந்தாலும் இந்தப் புத்தி மாறவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் என்ன முடிவு சொல்ல வேண்டும், அதற்கு அவர் எதைக் கண்ணால் பார்க்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் கோப்பு தானாகவே பாதி இளைத்துவிடும்.

வரவு செலவு போட்டுப் பார்ப்போம்

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். சிறுதானிய மாவும் மசாலாப் பொடியும் அரைத்து விற்கிற ஒரு குழு. பெரிய அரவை இயந்திரத்துக்கு வங்கியில் கடன் கேட்கப் போகிறது. ஐந்து நிமிஷம் வீடியோ எடுத்து வைத்திருக்கிறார்கள். நிமிஷத்துக்கு 130 என்றால் 650 எம்.பி.

முதல் செலவுக் குறைப்பு, வெட்டுவது. ஐந்து நிமிஷத்தில் ஆட்கள் வந்து நின்றது, சிரித்தது, "எடுக்கிறியா, எடுக்கிறியா" என்று கேட்டது எல்லாம் இருக்கும். அதையெல்லாம் நீக்கினால் மூன்று துண்டு, துண்டுக்கு அரை நிமிஷம். மொத்தம் ஒன்றரை நிமிஷம். 650 எம்.பி. 195 ஆகிவிட்டது.

இரண்டாவது செலவுக் குறைப்பு, சுருக்குவது. 1080 தரத்தை 480 தரத்துக்குக் கொண்டு வந்து, விநாடிக்கு சுமார் 1,000 கிலோபிட் என்று வைத்தால், நிமிஷத்துக்கு ஏழரை எம்.பி. ஒலிக்கு இன்னொரு அரை எம்.பி. ஆக, ஒன்றரை நிமிஷத்துக்கு 12 எம்.பி. 650-ல் தொடங்கி 12-ல் வந்து நிற்கிறோம்.

"அப்படிச் சுருக்கினா படம் கலங்கிப் போகாதா?" என்று கேட்கலாம். முன்பு கல்யாண வீடியோவை சிடியில் போட்டுத் தருவார்களே, அந்த வீடியோ சிடியின் அளவு அகலம் 352, உயரம் 288 புள்ளிகள்தான். தெருவே கூடி உட்கார்ந்து பார்த்தது. யாரும் குறை சொல்லவில்லை. 480 தரம் அதைவிட நல்ல படம். ஸ்லைடில் பாதி இடத்தில் ஓடுகிற வீடியோவுக்கு அது தாராளம்.

ஒலிக்குப் போகிற செலவைப் பாருங்க, நிமிஷத்துக்கு அரை எம்.பி.தான். ஆகவே ஒலியில் கஞ்சத்தனம் வேண்டாம். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். பேசுவது கேட்கவில்லை என்றால் யாருக்கும் பொறுமை இருக்காது.

எடுக்கும்போதே சிக்கனம்

போனைப் படுக்கை வாக்கில் பிடிங்க. நிமிர்த்திப் பிடித்தால் திரையின் இரண்டு பக்கமும் வெறுமையாகக் கிடக்கும். கையில் வைத்து எடுக்காமல் குடத்தின் மேலோ, அரிசி மூட்டையின் மேலோ சாய்த்து வைங்க. வெளிச்சம் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருந்து வரணும். இயந்திரம் ஓடும்போது பேச வைக்காதீங்க. ஓடுவதைத் தனியாக எடுங்க, நிறுத்திவிட்டுப் பேசுவதைத் தனியாக எடுங்க. பேசுகிறவர் போனில் இருந்து இரண்டு கை தூரத்துக்குள் இருக்கட்டும். கேமரா அமைப்பில் தரத்தை 720 என்று முன்பே குறைத்து வைத்தால் கோப்பு அப்போதே பாதியாகும்.

கணினியில் செய்ய வேண்டியது

கணினியில் உட்காருகிற பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்க. மற்றவர்கள் கேட்டுக்கொண்டால் போதும். ஆனால் செய்தார்களா என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

1. வீடியோவைப் பென்டிரைவில் இருந்து நேராகச் சேர்க்காமல், முதலில் கணினியில் ஒரு ஃபோல்டரில் போட்டுக்கொள்ளுங்க. மூலப் பிரதியை அப்படியே வேறு இடத்தில் பத்திரமாக வைங்க. மாங்காயை வத்தல் போட்ட பிறகு திரும்ப மாங்காய் வராது. சுருக்கிய வீடியோவும் அப்படித்தான்.

2. பவர்பாயின்டில் இன்சர்ட், அதில் வீடியோ, அதில் திஸ் டிவைஸ் என்று போய்ச் சேர்க்கணும்.

3. வீடியோவைத் தொட்டால் மேலே பிளேபேக் என்று வரும். அதில் டிரிம் வீடியோ. பச்சைக் கோடு தொடக்கம், சிவப்புக் கோடு முடிவு. வேண்டிய இடத்துக்கு இழுத்து விடணும். இப்படி வெட்டியதால் மட்டும் கோப்பு குறையாது. வெட்டிய பகுதி மறைந்துதான் இருக்கும். அடுத்த வேலையைச் செய்தால்தான் அது நீங்கும்.

4. ஃபைல், இன்ஃபோ, கம்ப்ரஸ் மீடியா. அதில் ஸ்டாண்டர்டு 480 என்பதைத் தேர்ந்தெடுங்க. முடிந்ததும் வேறு பெயரில் சேமிங்க. விண்டோஸ் கணினியில் உள்ள பவர்பாயின்டில் இந்த வசதி இருக்கிறது. இல்லாதவர்கள் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் முதலில் சுருக்கிவிட்டுப் பிறகு சேர்க்கலாம்.

5. கணினியே பக்கத்தில் இல்லை என்றால், வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரணத் தரத்தில் வீடியோவாகவே ஒரு முறை அனுப்பி, அதை இறக்கிக்கொள்ளுங்க. அது தானாகச் சுருக்கிவிடும். டாக்குமெண்ட் ஆக அனுப்பினால் சுருக்காது, முழு கனத்தோடுதான் போகும்.

6. போட்டோக்களையும் மறக்காதீங்க. போனில் எடுத்த ஒரு போட்டோவே மூன்று நாலு எம்.பி. இருக்கும். ஒரு போட்டோவைத் தொட்டு, பிக்சர் ஃபார்மட், கம்ப்ரஸ் பிக்சர்ஸ் என்று போய், 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற குறியை எடுத்துவிட்டால் எல்லாப் போட்டோவும் ஒன்றாகச் சுருங்கும்.

7. போஸ்டர் ஃபிரேம் என்று ஒன்று இருக்கிறது. வீடியோ ஓடும் முன் எந்தப் படம் தெரிய வேண்டும் என்று அதில் வைக்கலாம். ஒருவேளை வீடியோ ஓடாவிட்டாலும் கறுப்புக் கட்டத்துக்குப் பதில் உங்கள் முகம் தெரியும். அதைக் காட்டியே பேசிவிடலாம்.

கறுப்புக் கட்டம் ஏன் வருகிறது என்றும் தெரிஞ்சுக்கணும். பவர்பாயின்ட் 2003 போன்ற பழைய பதிப்புகளில் வீடியோ கோப்புக்குள் போகாது. வீடியோ எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே உள்ளே இருக்கும். பிபிடியை மட்டும் பென்டிரைவில் எடுத்துப் போனால் வீடியோ வீட்டிலேயே நின்றுவிடும். 2010 பதிப்பில் இருந்து வீடியோ உள்ளேயே சேர்ந்துவிடுகிறது. அதனால்தான் கோப்பு கனக்கவும் செய்கிறது. இப்போதும் லிங்க் டு ஃபைல் என்று சேர்த்தால் பழைய கதைதான். அப்படிச் செய்தால் ஃபோல்டரை முழுசாக எடுத்துப் போகணும்.

மின்னஞ்சலில் அனுப்புவதானால் ஜிமெயிலில் 25 எம்.பி. வரை போகும். அனுப்பும்போது கோப்பு கொஞ்சம் பருக்கும். 18 எம்.பி.க்குள் வைத்துக்கொண்டால் நிம்மதி. நம்ம உதாரணக் குழுவின் வீடியோ 12, சுருக்கிய போட்டோக்கள் ஒரு இரண்டு. பதினாலில் முடிந்துவிடும்.

எதை வைப்பது, எதை விடுவது?

இயந்திரம் சுருக்கித் தரும். ஆனால் எதை வெட்டுவது என்று அது சொல்லாது. அதை நாம்தான் கூடி உட்கார்ந்து முடிவு செய்யணும். நம்ம உதாரணக் குழுவுக்கு மூன்று துண்டு போதும். இப்போது இருக்கிற சின்ன இயந்திரத்தில் வேலை எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்று ஒரு துண்டு. வாங்க வருகிறவர்கள் காத்திருப்பது ஒரு துண்டு. மாதம் எவ்வளவு விற்கிறது, தவணை எப்படிக் கட்டுவோம் என்று உறுப்பினரே வாயால் சொல்வது ஒரு துண்டு. குத்துவிளக்கு ஏற்றியது, சால்வை போட்டது எல்லாம் நமக்கு சந்தோஷம். கடன் கொடுக்கிறவருக்கு அதனால் ஒரு முடிவும் வராது.

சுருக்கமாகச் சொல்வதற்கு நம்ம ஊர் மலையே சாட்சி. சமணர் மலையில் பேச்சிப்பள்ளத்துக்கு ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வரிசையாகச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்தில் சின்னச் சின்ன வரிகள். அதில் ஒன்று, அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் இந்தத் திருமேனியைச் செய்ய வைத்தார் என்று சொல்கிறது. அவ்வளவுதான் சேதி. யார் செய்தது, யாருடைய தாய். ஆயிரம் வருஷம் தாண்டியும் ஒரு பெண்ணின் பெயர் நிற்கிறது. கல்லில் செதுக்குகிறவருக்கு ஒவ்வொரு எழுத்தும் செலவு. அதனால் தேவையானதை மட்டும் வெட்டினார்கள். உங்கள் முதல் ஸ்லைடிலும் அதுபோல குழுவின் பெயர், ஊர், என்ன கேட்டு வந்திருக்கிறோம், இந்த மூன்றும் இருக்கட்டும்.

"எங்களுக்கு எழுதப் படிக்கவே சரியா வராதே" என்று தயங்க வேண்டாம். அகமதாபாத்தில் சேவா என்ற பெண் தொழிலாளர் சங்கம் 1984-ல் தன் உறுப்பினர்களுக்கு வீடியோ எடுக்கப் பழக்கியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். கேமரா தூக்கினார்கள், கேள்வி கேட்டார்கள், தங்கள் வேலையைத் தாங்களே படமாக்கினார்கள். 'வீடியோ சேவா' என்று அதற்குப் பெயர். அன்றைய கேமரா தோளில் சுமக்கிற கனம். இன்றைக்கு அது நம்ம சேலை முந்தானையில் முடிந்து வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

சம்மதம் கேளுங்க

இன்னொரு விஷயம், இதை ரொம்ப அழுத்திச் சொல்கிறேன். கனமான கோப்பு ஒரு இடத்தில் கிடக்கும். சின்னக் கோப்பு ஊரெல்லாம் சுற்றும். வாட்ஸ்அப்பில் ஒருவர் தட்டிவிட்டால் சாயங்காலத்துக்குள் நாலு கிராமம் போய்விடும். ஆகவே யாருடைய முகம், யாருடைய பேச்சு அதில் இருக்கிறதோ அவரிடம் சம்மதம் கேட்கணும். எங்கே காட்டப்போகிறோம் என்றும் சொல்லணும்.

கந்துவட்டியில் பட்ட கஷ்டத்தை ஒரு அக்கா அழுதுகொண்டே நம் கூட்டத்தில் சொல்வார். அது நம்மை நம்பிச் சொன்னது. அதை வங்கியில் போட்டுக் காட்டலாமா என்று அவர்தான் முடிவு செய்யணும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். வீட்டில் பிரச்சினை வரும் என்று பயந்தால் முகம் இல்லாமல் கையை மட்டும் எடுக்கலாம்.

வங்கிப் பாஸ்புக், ஆதார் அட்டை, கடன் பேரேடு இவை பின்னால் மேஜையில் கிடந்தால் எடுத்து வைத்துவிட்டுப் படம் எடுங்க. அனுப்பும் முன் ஒரு முறை நிறுத்தி நிறுத்திப் பாருங்க, எண் எதுவும் தெரிகிறதா என்று. எந்த வீடியோவை யாருக்குக் காட்டலாம் என்று தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி எழுதி, அதில் இருக்கிறவர்களும் கையெழுத்துப் போட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

பேச்சுதான் முதல்

வீடியோ நமக்குத் துணை. நமக்குப் பதிலாக அது பேசாது. நம்ம மதுரைப் பக்கம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவை எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடம் போகாதவர். களஞ்சியம் குழுக்களை வளர்த்தவர். 2001-ல் தில்லியில் ஸ்திரீ சக்தி விருது வழங்கும்போது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ விருதும் அறிவித்தார்கள். அவரிடம் ஸ்லைடும் இல்லை, வீடியோவும் இல்லை. செய்த வேலையும் அதைச் சொல்கிற வாயும் இருந்தன.

ஆகவே வீடியோ ஓடி முடிந்ததும் நிறுத்துங்க. "சார், இப்ப பார்த்தீங்களே, அதுல ரெண்டாவதா பேசினது இந்த அக்காதான். அவங்களே மீதியைச் சொல்வாங்க" என்று உட்கார்ந்திருக்கிறவரை எழுப்பிப் பேச வைங்க. எதிரே இருக்கிறவர் அப்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

* பிபிடியை வேறு ஒரு கணினியில் போட்டு, வீடியோ ஓடுகிறதா, ஒலி கேட்கிறதா என்று முதல் நாளே பார்க்கணும்.
* வீடியோக்களைத் தனியாகவும் பென்டிரைவில் வைக்கணும். பிபிடிக்குள் ஓடாவிட்டால் நேராக ஓட்டலாம்.
* போனிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.
* ஸ்லைடுகளைத் தாளில் அச்செடுத்துக் கையில் வைத்திருங்க. கரண்ட் போனாலும் பேச்சு நிற்காது.
* ஒலிபெருக்கி அங்கே இருக்கிறதா என்று முன்பே போன் செய்து கேளுங்க.
* மூன்று துண்டுக்கு மேல் வேண்டாம். துண்டுக்கு அரை நிமிஷம்.
* யார் கணினியைத் தட்டுவது, யார் பேசுவது என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்க.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் அரை நிமிஷ வீடியோ ஒன்று எடுத்துக்கொண்டு வாங்க. உங்கள் குழு என்ன செய்கிறது, அடுத்து என்ன வேணும், இதை மட்டும் காட்டணும். கோப்பு 4 எம்.பி.க்கு மேல் போகக் கூடாது. எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்போம். எந்த இடம் புரிந்தது, எந்த இடம் இழுத்தது என்று நீங்களே ஒருவருக்கொருவர் சொல்லுங்க. அதைவிட நல்ல பயிற்சி கிடையாது.